நாய் எதுவும் குறுக்கே வரவில்லை

நாய் எதுவும் குறுக்கே வரவில்லை. கறுப்பு நாயும் வரவில்லை, செவலை நாயும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காலைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "நாய் குறுக்க வந்துச்சாமே?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருகிறார்கள். வரவில்லை. வேன் ஓட்டியவர் கையில் போன் இருந்தது. அந்தப் போனில் அவர் கூப்பிட்டது என்னைத்தான். என் கையிலிருந்த போன் ஒருமுறை அடித்தது, 'ஏழுமலை வேன்' என்று பெயர் வந்தது, நான் தலையை நிமிர்த்தினேன், அதே ஏழுமலை ஓட்டிவந்த அதே வேன் என் இடது காலில் மோதியது.

என் பெயர் விஜயா. பொன்னேரி பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் தயாளன் நெல் வைக்கிறார். நிலம் எங்களுடையது, மழைதான் எங்களுடையது இல்லை. அதனால் நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். காருக்குள் பொருத்துகிற பிளாஸ்டிக் பாகங்கள் மெஷினிலிருந்து சூடாக வந்து விழும். அவற்றின் ஓரத்தில் நிற்கிற பிசிறைக் கத்தியால் வழித்தெடுப்பது என் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். கால் இருந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. நான் இத்தனை சத்தம் போடுவதற்குக் காரணம் அதுதான்.

முதல் ஷிப்டுக்கு வருகிற வேன் சோழவரத்தில் கிளம்பி, ஜி.என்.டி. ரோட்டில் ஒவ்வொரு ஊர் முனையிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். வேன் கம்பெனியுடையது இல்லை, ஒரு காண்ட்ராக்டருடையது. வேன் லேட்டாகப் போனால் எங்களுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும், காண்ட்ராக்டருக்கும் கம்பெனியில் திட்டு விழும். அதனால் எந்த ஸ்டாப்பிலும் ஆளுக்காக வண்டி காத்து நிற்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. ஆனால் விடிந்தும் விடியாத நேரத்தில், காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டில், ஒரு பெண் எவ்வளவு நேரம் தனியாக நிற்பாள்? அதற்கு எங்கள் வேனில் ஓர் ஏற்பாடு இருந்தது. மிஸ்டு கால். ஒரு ஸ்டாப்பைத் தாண்டியதும் அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவளுக்கு ஏழுமலை அண்ணன் ஒரே ஒரு ரிங் விடுவார். யாரும் எடுக்க மாட்டோம். 'வந்துட்டேன், ரோட்டுக்கு வா' என்று அதற்கு அர்த்தம். நாங்கள் வீட்டிலிருந்து விறுவிறுவென்று நடந்து முனைக்கு வருவதற்கும் வேன் வருவதற்கும் சரியாக இருக்கும்.

எங்களுக்கு அது பெரிய உபகாரம். மற்ற வேன்களில் வருகிற பெண்கள் பொறாமைப்படுவார்கள். அவர் நல்ல மனிதர்தான். குடி கிடையாது, அசிங்கமான பேச்சு கிடையாது, பெண்களை ஏற இறங்கப் பார்க்கிற புத்தி கிடையாது. ஆனால் ஸ்டாப்புக்கு ஸ்டாப், ஓடுகிற வண்டியில், ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை போனில், அதில் இருக்கிற மூன்று விஜயாவில் எந்த விஜயா என்று தேடிக்கொண்டே வருவார். கெட்டவன் ஒருவன் இடித்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பால்காரர் வரவில்லை. டீ போடுகிற வேலை இல்லாமல் போனதால் ரிங் வருவதற்கு முன்பே கிளம்பிப் போய் முனையில் நின்றுவிட்டேன். பூட்டியிருந்த பஞ்சர் கடைக்கு முன்னால், ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, மண்ணில்தான் நின்றேன். ரிங் விடாமல் விஜயா வெளியே வரமாட்டாள் என்பது அவருடைய கணக்கு. மூன்று விஜயாவில் தேடி லேட்டாகிவிட்டது போல, முனைக்குக் கிட்டே வந்த பிறகுதான் குனிந்து என் பெயரை அமுக்கினார். வண்டி இடது பக்கம் மண்ணில் இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு பெயரைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

வலி உடனே வரவில்லை. விழுந்து கிடந்தபடி செருப்பு எங்கே போயிற்று என்றுதான் முதலில் பார்த்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. கால்தான் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன்.

ஏழுமலை அண்ணன் இறங்கி ஓடிவந்தார். அழுதுகொண்டே என்னைத் தூக்கி வேனுக்குள் படுக்க வைத்தார். என்னோடு ஒரே லைனில் வேலை செய்கிற கோமதி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற பெண்கள் துப்பட்டாக்களை அவிழ்த்துக் காலைக் கட்டினார்கள். வேன் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. அப்போது அவருடைய போன் அடித்தது. காண்ட்ராக்டர். என்ன செய்தார் தெரியுமா? எடுத்தார். என் ரத்தம் வேனின் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, மனிதர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். பழக்கம் அப்படி.

"எங்கடா கீற? கேட்டுக்கு வண்டி இன்னும் வரலன்னு கம்பெனில காச்சறானுங்க."

"சார், ஆக்சிடென்ட் ஆயிடுச்சி சார். நம்ம விஜயா மேல இடிச்சிட்டேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

காண்ட்ராக்டர் குரலைத் தணித்தார். அப்புறம், "போன்ல இருந்தியா?"

"ரிங்கு உட்டேன் சார்."

"அத எவன் கிட்டயும் வாயத் தொறக்காத. நாய் குறுக்க வந்துச்சி, ஸ்டீயரிங்க ஒடிச்சேன்னு சொல்லு. புரிஞ்சிதா? நாய்."

நான் தரையில் படுத்தபடி கத்தினேன். "யோவ், போனக் கீழ வையா! ஒரு காலு பத்தாதா உனக்கு?" அதுவரை அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் நாய் பிறந்துவிட்டது. அது பிறந்த இடத்தில் நான் இருந்தேன், என் தலை கோமதியின் மடியில் இருந்தது, வேனில் இருந்த அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

பொன்னேரியில் ரத்தத்தை நிறுத்தி, காலுக்கு அட்டை வைத்துக் கட்டி, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தயாளன் வயலிலிருந்து அப்படியே வந்துவிட்டார். முழங்கால்வரை சேறு. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல விஜி, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லாமலா ஆம்புலன்ஸில் போகிறோம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அங்கே எனக்குப் புதிய வார்த்தைகள் நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓப்பன் பிராக்சர் என்றால் எலும்பு உடைந்து தோலுக்கு வெளியே வருவது. உள்ளே உடைவதைவிட இது மோசம், ஏனென்றால் ரோட்டிலிருக்கிற மண்ணும் அழுக்கும் நேராக எலும்புக்குப் போய்விடும். என் காலுக்குள்ளே பஞ்சர் கடையின் மண் இருந்தது. அதனால் உடனே எலும்பை உள்ளே வைத்துத் தைத்துவிட முடியாது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும், செத்துப்போன சதையை வெட்டி எடுக்க வேண்டும், மறுபடி சில நாள் கழித்துக் கழுவ வேண்டும். அதுவரை எலும்பு நகராமல் இருக்க, தோலுக்கு வெளியே கம்பி நிறுத்தி, அதிலிருந்து திருகாணிகளை எலும்புக்குள் இறக்கியிருந்தார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தால் என் காலில் பந்தல் போட்டது போல இருந்தது.

டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர், கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பாதத்துக்குப் போற ரத்தக்குழாய்ல ஒண்ணு அடிபட்டிருக்கு. ஒண்ணு வேலை செய்யுது. அது போதுமான்னு ரெண்டு மூணு நாள்ல தெரியும். சீழ் ஏறக் கூடாது. ஏறினா உயிருக்கு ஆபத்து, அப்போ முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

"எடுக்கறதுன்னா?"

"காலைத்தான்மா."

தினமும் காலையில் அவர் வந்து என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருக்கிறதா, நகத்தை அமுக்கிவிட்டால் மறுபடி சிவக்கிறதா. அப்புறம், "ஆட்டுங்க" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டப் பார்ப்பேன். கட்டைவிரல் என்னுடையது இல்லாதது போல அப்படியே கிடக்கும். "பரவாயில்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போன பிறகு நான் அந்த விரலைத் திட்டுவேன். வாய்விட்டே திட்டுவேன். ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் கெஞ்சவும் செய்திருக்கிறேன், அதையும் மறைப்பானேன்.

பக்கத்துப் படுக்கையில் பழவேற்காட்டுத் தனம் அக்கா இருந்தார். நண்டு விற்கிறவர். படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார். "எனுக்காச்சும் தண்ணி இருந்துச்சி, வய்க்கி உழுந்தேன். உனுக்கு இல்லாத நாயி வந்து இடிச்சிக்கீதே, அய்யே!"

என் நாத்தனார் அமுதா தினமும் விடியற்காலை ரயிலில் பொன்னேரியிலிருந்து டிபன் கேரியரோடு வருவாள். "நாஷ்டா துன்னு மொதல்ல, அப்பறம் சண்ட போடு" என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதில்லை. அவள்தான் எனக்கு பெட்பேன் வைத்தாள், உடம்பு துடைத்தாள், தலையில் பேன் பார்த்தாள். ஒருநாள் ஏதோ நன்றியாகச் சொல்லப் போனேன். "கம்முனு இரு, எழுந்து வந்தப்பறம் பழையபடி பேசிக்கலாம்" என்றாள். இப்போது பழையபடிதான் பேசிக்கொள்கிறோம், ஆனால் அவள் வருகிற நாளில் நான் கறிக்குழம்பு வைக்காமல் இருப்பதில்லை.

காண்ட்ராக்டர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். பின்னால் ஏழுமலை அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. காண்ட்ராக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"பாரு தயாளா, இங்க கூட்டம், நம்மள யாரும் கண்டுக்க மாட்டாங்க. நான் பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரில பேசிக்கீறேன். இன்னைக்கே மாத்திடலாம். செலவு மொத்தமும் என்னுது. விஜயாம்மாவுக்குக் காலு நிக்கும். போலீசு வந்து கேட்டா மட்டும், நாய் குறுக்க வந்துச்சி, டிரைவரு மேல தப்பு இல்லன்னு சொல்லிடணும். அவ்ளோதான். இவனும் புள்ளகுட்டிக்காரன்."

நான் ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். "அண்ணா, அந்த நாய் இன்னா கலருண்ணா?"

அவர் குனிந்து ஆப்பிள் பையை நேராக வைத்தார்.

"சொல்லுங்கண்ணா. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன், என் கண்ணுல படல. உங்க கண்ணுல பட்டுச்சி இல்ல? கறுப்பா, வெள்ளையா? ஆணா, பொட்டையா? போலீசு கேட்டா ரெண்டு பேரும் ஒரே கலரு சொல்லணும் இல்ல?"

தனம் அக்கா அந்தப் பக்கமிருந்து, "புள்ளி போட்டதுன்னு சொல்லிடுங்க, நம்பிக்கையா இருக்கும்" என்றார். காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார். நாளைக்குள் யோசித்துச் சொல்லும்படி தயாளனிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிள் பை அங்கேயே இருந்தது. அதை அமுதா வார்டு முழுக்கப் பங்கு போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வார்டில் யார் புதிதாக வந்தாலும், "நாய் கேஸ் எந்தப் படுக்கை?" என்று கேட்டு என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அன்று சாயங்காலம் எனக்கும் தயாளனுக்கும் சண்டை. அவர் குரலை உயர்த்திப் பேசுகிற ஆளே இல்லை.

"உனக்குக் காலு முக்கியமா, நாயி முக்கியமா? நாயின்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா குறைஞ்சிபூடும்? காலு போச்சின்னா நீ இன்னா பண்ணுவ? நான் இன்னா பண்ணுவேன்?"

"ரெண்டும் முக்கியம்."

"பேஜாரு பண்ணாத விஜி."

"யாரு பேஜாரு பண்றா? நாய் வந்துச்சின்னு நான் சொன்னா, அந்த வேன்ல நாளைக்கும் அதே ரிங்குதான். நாளைக்கு வேற ஒரு முனைல வேற ஒருத்தி நிப்பா. அவ மேல ஏத்திட்டு இன்னொரு நாய்னு சொல்லுவானுங்க. இந்த ரோட்டுல எத்தினி நாய்ங்க?"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் பயம்தான். நான் ஏதோ வீரத்தில் பேசினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆத்திரத்தில் பேசினேன். ஆனால் ஆத்திரத்தில் காலை விடுவதற்கும் நான் தயாரில்லை. அதனால் மறுநாள் டாக்டரம்மா விரலைத் தொடும்போது நேராகக் கேட்டுவிட்டேன்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. பிரைவேட்டுக்குப் போனா காலு நிக்குமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "போறது உங்க இஷ்டம். அங்கயும் இதே கம்பி, இதே கழுவறது, இதே மருந்துதான். உங்களுக்கு இன்னைக்கு மத்தியானம் மறுபடி தியேட்டர் இருக்கு. இப்போ மாத்தினா அது ஒருநாள் தள்ளிப்போகும். எனக்கு அந்த ஒருநாள்தான் பயம்."

தயாளனும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "சொல்லிட்டேன்" என்றார். "எங்க ஊட்டுல நாயப் பாக்கலன்னு சொல்றா சார், நாங்க இங்கயே இருந்துக்கறோம்னு சொல்லிட்டேன்." அப்புறம் சீப்பை எடுத்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். தியேட்டருக்குப் போகுமுன் தலையைப் பின்னிக் கட்டச் சொல்லியிருந்தார்கள், அமுதா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவருக்கு அதுவரை சடை பின்னிப் பழக்கமில்லை. வைக்கோல் பிரி முறுக்குகிற மாதிரி முறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார். இறுக்கமாக இருந்தது, வலித்தது. அப்படியே தியேட்டருக்குப் போனேன்.

தியேட்டரிலிருந்து வந்த மறுநாள் போலீஸ் வந்தார். வயதான ஏட்டு, நின்று நின்று கால் வீங்கியவர். "இன்னாமா, நாய் வந்துச்சாமே?" என்றார்.

"எழுதிக்கோங்க சார். நாய் வரல. டிரைவரு ஓடற வண்டில எனக்கு மிஸ்டு கால் விட்டாரு. போன் என் கிட்டதான் கீது, பாருங்க. வண்டி எந்த ஸ்டாப்லயும் காத்து நிக்கக் கூடாதுன்னு காண்ட்ராக்டர் சொன்னதாலதான் அவரு ஓட்டிக்கினே ரிங்கு விடறாரு. அதையும் எழுதுங்க. இடிச்சிட்டு ஓடிப்போகாம என்னைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அதையும் எழுதுங்க. வர்ற வழில காண்ட்ராக்டர் போன் பண்ணி நாய்னு சொல்லச் சொன்னாரு. அத நான் என் காதால கேட்டேன். ஒண்ணு விடாம எழுதுங்க."

ஏட்டு எழுதினார். பிறகு தயங்கிச் சொன்னார். "வேன்ல இருந்த பொம்பளைங்களக் கேட்டோம்மா. எல்லாரும் தூங்கிக்கினு இருந்ததா சொல்றாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியலயாம்."

கால் உடைந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். வாழைப்பழம் வாங்கி வந்திருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேல பூடும்கா. ஊட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கறேன்."

"என் தல உன் மடில இருந்துச்சி கோமதி. தூங்கினியா நீ?"

அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளே போய்விட்டாள். பழத்தைத் தனம் அக்கா தின்றார்.

பிறகு ஒருநாள் காலையில், டாக்டரம்மா வழக்கம்போல "ஆட்டுங்க" என்றார். நான் வழக்கம்போலப் பல்லைக் கடித்தேன். கட்டைவிரல் அசைந்தது. ரொம்பக் கொஞ்சம். டாக்டரம்மா குனிந்து, "மறுபடியும்" என்றார். மறுபடியும் அசைந்தது. தனம் அக்கா படுத்தபடியே குலவை போட்டார். அமுதா டிபன் கேரியரை அப்படியே தரையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "இந்த விரல் ரொம்பப் பிடிவாதம்" என்றார். தயாளன், "விரல் மட்டும் இல்லிங்க மேடம்" என்றார்.

அதற்கப்புறமும் நிறைய இருந்தது. தொடையிலிருந்து தோலை எடுத்துக் காலில் ஒட்டினார்கள். தோல் எடுத்த இடம்தான் ஒட்டிய இடத்தைவிட எரிந்தது, யாரும் அதை முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். பந்தலைப் பிரித்துவிட்டு எலும்புக்குள்ளேயே நீளமாக ஒரு கம்பி வைத்தார்கள். அரசு காப்பீட்டு அட்டை அதற்கெல்லாம் கைகொடுத்தது. முதல்நாள் எழுந்து நின்றபோது கீழே இருந்த கால் என்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது. தனம் அக்கா எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "நடந்து வந்து பழவேற்காட்டுல என் ஊட்ல நண்டு துன்னு. ஆட்டோல வந்தியானா கதவத் தொறக்க மாட்டேன்" என்றார்.

ஏழுமலை அண்ணன் ஒருமுறை தனியாக வந்தார். கையில் எதுவும் இல்லை. ஸ்டேஷனுக்கு அவரே போய், நாய் வரவில்லை, போன்தான் என்று சொல்லிவிட்டாராம். "ராத்திரில கண்ண மூடினா, நீ கேட்டதுதான் காதுல கேக்குது. இன்னா கலரு, இன்னா கலருன்னு" என்றார். லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். இப்போது ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். அவருடைய மனைவி சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். அவர் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கே என் மேல் கோபம் வரும். ஆனாலும் மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்த மாதங்களில் பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடியே பைக்கில் வந்து வாசலில் இறங்குவார்கள். உள்ளே வந்து, "ஐயோ பாவம், எப்டி ஆச்சி?" என்பார்கள். "இப்ப நீ வந்தியே, அப்டித்தான் ஆச்சி" என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சித்தப்பா மகன் ஒருவன் இன்னும் பேசவில்லை. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, முழுசாக இருந்தால் போதும்.

கேஸ் இன்னும் நடக்கிறது. காண்ட்ராக்டர் அதே காண்ட்ராக்டர்தான். கம்பெனியில் போய்க் கேட்டேன். உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலை கொடுத்தார்கள். இப்போதைக்கு வாங்கிக்கொண்டேன்.

முதல்நாள் வேலைக்குக் கிளம்பி, ஊன்றுகோலோடு அதே பஞ்சர் கடை முனையில் போய் நின்றேன். தயாளன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ரோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி நின்றேன். அப்போது கையிலிருந்த போன் அடித்தது. புது நம்பர். தூரத்தில் வேனின் விளக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு ரிங்கில் நின்றுவிடுகிற போனை இந்த முறை நான் எடுத்துவிட்டேன்.

"யாருங்க?"

எதிர்முனையில் திகைத்துவிட்டார் போல. "வேனும்மா. ரிங்கு விட்டா எடுக்கக் கூடாதும்மா, வெளிய வந்து நிக்கணும்."

"நின்னுக்கினுதான் கீறேன். வண்டிய ஓரங்கட்டுங்க."

"இன்னாது?"

"நீங்க இருக்கற எடத்துலயே ஓரங்கட்டி நிறுத்துங்க. ஸ்டாப்புக்கு வர வேணாம். நான் வர்றேன்."

விளக்கு ஓரமாக ஒதுங்கி நின்றது. நான் நடந்தேன். மண்ணில் ஊன்றுகோல் புதைந்தது, எடுத்து எடுத்து வைத்தேன். கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் காற்றை அடித்துக்கொண்டு போயின. நன்றாக நொண்டினேன், மறைக்கவில்லை. அரை நாள் போனால் போகட்டும் என்று நினைத்தேன். கிட்டே போகப் போக வேன் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஏறும்போது கோமதி கை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

ஏறியதும் உட்காரவில்லை. டிரைவரிடம் கையை நீட்டினேன். "போனக் குடுங்கண்ணா. இறங்கறப்போ தரேன்."

அவர் நாற்பது வயதுக்காரர், ஊருக்குப் புதியவர், என் கதை தெரியாது. "காண்ட்ராக்டர் கூப்புடுவாரும்மா. எடுக்கலன்னா பேஜாராயிடும். இன்னான்னு சொல்றது அவருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கோமதியின் குரல் வந்தது.

"கூப்ட்டா நாங்க பேசறோம், குடுங்கண்ணா. இன்னைக்கு இந்த வண்டில யாரும் தூங்கல."

அவர் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டேன். வேன் கிளம்பியது.